சட்டனில் ரைபிள் மருந்து அளந்த கதை

“துவக்குச் சத்தம் கேளாத இடமாப் பாத்து உம்மைக் கூட்டிக்கொண்டு வந்தன். நீர் இஞ்சை வந்து துவக்குக்கு மருந்து அளக்கிற சாமான் விக்கிறீர். ஆருக்குச் சொல்லி அழுகிறது?”

இது என் கணவர். வாயில் பாதிப் புட்டு. “அழுகிறதெண்டால் புட்டைத் திண்டுபோட்டு அழுங்கோ, ஆறப் போகுது” என்றேன் நான். எங்கள் வீட்டில் இந்தச் சண்டை சனிக்கிழமை தோறும் நடக்கும். வெள்ளிக்கிழமை வேலை கூடியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்கும் நீளும்.

கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் தொழிலைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். விற்ற சாமான் திரும்பி வரும் வரைக்கும் இதைப் போல இலேசான தொழில் கிடையாது. திரும்பி வந்த சாமானோடு வந்த மனிதரைச் சமாளித்தவர்களுக்கு, கால் வீங்க நின்று கொண்டே சிரித்தவர்களுக்கு, இதற்கு மேல் நான் விளக்கத் தேவையில்லை. நீங்கள் என் இனம்.

வேலை கிடைத்த விதம்

லண்டனின் ஓரத்தில், சட்டனில், எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் ரெஜ் என்பவரின் கடை. ரைபிள் சுடும் கிளப்காரர்களுக்கு வேண்டிய சாமான்கள் விற்பார். அவருக்குச் சாமான் கொண்டு வரும் வான் எங்கள் கேற்றை அடைத்துக்கொண்டு நிற்பது வழக்கம். ஒருநாள் பொறுமை போய், செருப்போடு நடந்து கடைக்குள்ளே போனேன். யாழ்ப்பாணத்துக் கொன்வென்டில் கன்னியாஸ்திரிகள் அடித்து ஊட்டிய ஆங்கிலம் முழுவதையும் ஒரே மூச்சில் இறக்கினேன். ‘நாட் ஒன்லி’ என்று தொடங்கிய வசனத்தை ‘பட் ஆல்ஸோ’ போட்டு முடிக்காமல் விட்டதில்லை.

ரெஜ் அசையாமல் கேட்டார். அவருடைய மனைவிக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கவுண்டரைப் பார்த்து வந்தவர் அந்த மனைவிதான். ரைபிளும் வெடிமருந்தும் உள்ளறையில் பூட்டியிருக்கும், திறப்பு தன்னிடம்தான் இருக்கும், முன்கடையில் கருவிகளை மட்டும் விற்க ஒரு ஆள் வேண்டும் என்றார். நான் கேற்றைப் பற்றிப் பேச வந்தவள் என்று நினைவூட்டினேன். அவர் சொன்னார்: “மேடம், இந்தக் குரலில் எங்கள் வாடிக்கையாளர்களை யாராவது முன்பே திட்டியிருந்தால் இந்தக் கடை எப்போதோ உருப்பட்டிருக்கும்.”

ஒரு நிபந்தனை

கல்யாணம் கட்டி வந்த நாள் முதல் என்னை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அம்மா, மாமி, மச்சாள், இவருக்கு ‘இஞ்சேரும்’. பிள்ளைகள் யுனிவர்சிட்டிக்குப் போன பிறகு ‘அம்மா’வும் தொலைபேசியில் மட்டும்தான். ரெஜ்ஜின் கடையில் என் பெயர் ரஞ்சினி. அவர் வாயில் அது ‘ரான்ஜி’ ஆனது உண்மை. ஆனாலும் அது பெயர். இந்த வேலையை விடக்கூடாது என்று எனக்கு வைராக்கியம் வந்ததற்கு வேறு பெரிய காரணம் தேட வேண்டாம்.

ரெஜ் ஒளிவுமறைவு இல்லாதவர். மனைவி எழும்பி நடந்துவிட்டால் கடைக்கு இரண்டாவது ஆள் தேவைப்படாது. ஆனால் பக்கத்து ரைபிள் கிளப் ஒன்று, தங்கள் ஆட்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்ப ஒரு அறை அமைக்கிறது. அதற்கு நிறையப் பவுடர் மெஷர், அதாவது மருந்து அளக்கும் கருவி, வாங்கப் போகிறார்கள். எது துல்லியம் என்று பார்த்துத்தான் வாங்குவார்கள். அந்த ஓடர் நமக்குக் கிடைத்தால் நான் நிற்கலாம். கிடைக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். “அதுவரைக்கும் பவுடர் மெஷர்தான் உன் மாமியார்” என்றார். யாரிடம் கற்றாரோ.

எறும்பு

பவுடர் மெஷர் என்பது பார்க்க மிளகு அரைக்கிற மிஷினின் பணக்கார உறவினர் மாதிரி இருக்கும். மேலே மருந்து போடும் குப்பி, நடுவில் குழி உள்ள ஒரு உருளை, பக்கத்தில் ஒரு பிடி. பிடியை உயர்த்தினால் குழி நிரம்பும். இறக்கினால் அந்த அளவு மருந்து கீழே உள்ள வெறும் தோட்டாக் கோதுக்குள் விழும். ஒவ்வொரு முறையும் ஒரே அளவு விழ வேண்டும். குறைந்தால் குறி தப்பும். கூடினால் தப்புவது குறி மட்டுமல்ல. ஆகவே வருகிற எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எது துல்லியம்?”

மருந்து உள்ளறையில் பூட்டிக் கிடக்க, வெறும் மெஷரைக் காட்டி நான் என்ன விளக்குவது? சமையலறைக்கு ஓடினேன். உருண்டை மருந்துக்கு உப்புமா ரவை. நீளத் துண்டு மருந்துக்கு நொறுக்கிய சேமியா. ரவை தண்ணீர் மாதிரி ஓடியது. சேமியா உருளையின் விளிம்பில் சிக்கி ‘கர்க்’ என்று வெட்டுப்பட்டது. நிஜ மருந்தும் அப்படித்தான் செய்யும். ஒரு வாரம் வாடிக்கையாளர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஆனால் நான் கொண்டு போனது முதல் நாள் உப்புமாவுக்கு நெய் விட்டு வறுத்த ரவை. திங்கட்கிழமை ரெஜ் கண்ணாடி அலுமாரியைத் திறந்து, நான் ரவை போட்டுக் காட்டிய விலை உயர்ந்த மெஷரைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “என் அப்பா காலத்திலிருந்து இந்தக் கடை இருக்கிறது, ரான்ஜி. எறும்பு வாடிக்கையாளராக வந்தது இதுதான் முதல் தடவை.”

பள்ளிக்கூடம்

கழுத்து முழுக்கப் பச்சை குத்திய ஒரு கட்டட வேலைக்காரர், நான் விற்ற மெஷரைக் கவுண்டரில் தொப்பென்று வைத்தார். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு நிறையில் கொட்டுகிறது, இதை மெஷர் என்று எந்த வாயால் சொல்கிறீர்கள் என்றார். பெட்டியில் அச்சடித்திருந்த வசனங்களைத்தான் நான் வேத வாக்காக ஒப்பித்திருந்தேன். ஆனால் குற்றம் சாட்டப்பட்டால் மறு கேள்வி கேட்பது என் பிறவிக் குணம். “பிடியை எப்படி இறக்கினீர்கள்? செய்து காட்டுங்கள்.”

செய்தார். முதல் தடவை பூனையைத் தடவுகிற மாதிரி. இரண்டாம் தடவை கதவை உதைக்கிற மாதிரி. மூன்றாம் தடவை என்னைப் பார்த்துக்கொண்டே. வீட்டில் புட்போல் பார்த்துக்கொண்டு அளந்தாராம். கோல் விழுந்தால் வேகம் கூடும்தானே. “நிமிர்ந்து நில்லுங்கள். டிவியை நிறுத்துங்கள். ஒரே வேகத்தில் உயர்த்தி, ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே வேகத்தில் இறக்குங்கள். இப்போது திரும்பச் செய்யுங்கள்” என்றேன். பத்துத் தரம் செய்வித்தேன். பக்கத்தில் கோடு போடுகிற அடிமட்டம் இருந்திருந்தால் கையில் எடுத்திருப்பேன். மெஷர் ஒழுங்காகிவிட்டது. அவர் அதைத் திரும்பப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னார்: “மிஸ், நான் பள்ளிக்கூடத்தை விட்டதே இதுக்காகத்தான்.”

மேலே ஒரு பிடி

வாடிக்கையாளர்களில் ஒரே ஒரு தமிழர், கோயம்புத்தூர்க்காரர். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர். ஞாயிறுகளில் ரைபிள் சுடுவார். நான் தமிழில் கதைத்ததும் கையிலிருந்த தொப்பியைக் கீழே போட்டார். “ஆமாக்கா, நான் தமிழ்தான். நீங்க இங்கயா?” என்றார், நான் ஏதோ சிறையில் இருக்கிற மாதிரி. அவருக்காக ரெஜ் உள்ளறையிலிருந்து கொஞ்சம் நிஜ மருந்து எடுத்து வந்து, பின்மேசையில் வைத்து, தானும் பக்கத்தில் நின்றார். மெஷர் கொட்டுவதை மின்தராசில் நிறுத்துப் பார்ப்பது ஏற்பாடு. நான் விளக்கம் சொல்லச் சொல்லத் தராசின் எண்கள் ஏறி இறங்கின. டாக்டரின் நோக்கியா போனைத் தள்ளி வைத்தோம். ஹீட்டரை அணைத்தோம். எண்கள் அடங்கவில்லை. கடைசியில் டாக்டர் தயங்கித் தயங்கி, “அக்கா, தட்டுக்கு நேரா நின்னு நீங்க பேசுறதுனால காத்து அடிக்குது” என்றார். வாயை மூடினேன். தராசு உடனே நின்றது. என் வாயை மூட வைத்த அந்தத் தராசை ரெஜ் பார்த்த பார்வையில் அவ்வளவு பொறாமை.

பேசாமல் ஒரு கோதுக்குள் அளந்தேன். அளந்து முடித்ததும் என் கை தன்பாட்டில் இரண்டு விரலால் ஒரு துளி மருந்தை எடுத்து மேலே தூவியது. நான் நினைத்துச் செய்யவில்லை. எங்கள் ஊரில் சுண்டு என்ற சின்ன அளவுப்படியால் அரிசி அளந்து கொடுக்கிறவள், மேலே ஒரு பிடி போடாமல் சாக்கைக் கட்ட மாட்டாள். போடாவிட்டால் அவளைப் பற்றி ஊர் முழுக்கக் கதைக்கும். ரெஜ் பாய்ந்து என் கையைப் பிடித்தார். டாக்டரின் முகம் வெளுத்திருந்தது. அந்தக் கோதைக் கவிழ்த்து மருந்தைத் திரும்பக் கொட்டிவிட்டு, மெல்லச் சொன்னார்: “அக்கா, இதுவும் என் மயக்க மருந்து மாதிரிதான். அன்புக்காக ஒரு சொட்டுக்கூட அதிகம் போடக் கூடாது.”

பழுதான கை

அதன் பிறகு மேலே தூவவில்லை, பேசவில்லை, பிடியை ஒரே வேகத்தில் இறக்கினேன். ஆனாலும் கிளப்புக்குக் காட்டத் தெரிந்தெடுத்த மெஷர், ரெஜ் கையில் ஒரே அளவாகக் கொட்டியது. என் கையில் மட்டும் ஒரு முறை கூடும், ஒரு முறை சரியாக இருக்கும். மெஷர் பழுது என்று தீர்ப்பளித்தேன். அனுப்பிய கம்பெனிக்குத் திருப்பி அனுப்பச் செய்தேன். பழுதில்லை என்று திரும்பி வந்தது. கம்பெனிக்குக் கண் தெரியாது என்று இரண்டாவது தீர்ப்பளித்து, இன்னொரு முறை அனுப்பினேன். அதுவும் வந்தது. கிளப்காரர்கள் வர ஒரு கிழமைதான் இருந்தது. அவர்கள் முன்னால் ரெஜ்தான் அளப்பார் என்றால் அப்புறம் எனக்கு அங்கே என்ன வேலை?

ரெஜ் ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு, “அள” என்றார். அளந்தேன். “திரும்ப அள.” அளந்தேன். கண்ணைத் திறந்து என் மணிக்கட்டைப் பார்த்தார். கலியாணத்துக்குப் போட்ட ஆறு பொன் வளையல்கள். பிடியை உயர்த்தும்போது அவை சரிந்து மெஷரின் இரும்புக் காலில் ‘கிலுங்’ என்று முட்டும். முட்டும்போது குப்பி அதிரும், மருந்து இறுகும், குழிக்குள் கூடுதலாகப் போகும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி முட்டினாலும் பரவாயில்லை, சிலர் வேண்டுமென்றே தட்டுவார்கள் என்றார் ரெஜ். ஆனால் ஆறு வளையல் ஒரே மாதிரி முட்டுமா? சில நேரம் மூன்று முட்டும், சில நேரம் ஆறும், சில நேரம் ஒன்றும் முட்டாது. இத்தனை நாளும் அந்தச் சத்தம் என் காதில் விழவே இல்லை. விழுந்திருந்தால் அல்லவா அது சத்தம். ரெஜ் பெருமூச்சு விட்டார். “நாங்கள் திருப்பி அனுப்பியிருக்க வேண்டியது மெஷரை அல்ல, ரான்ஜி. உன் கையை.”

இல்ஃபோர்ட் மச்சாள்

கழற்றினால் போயிற்று என்று நீங்கள் சொல்வீர்கள். இந்த வளையல்கள் ஏறியபோது என் கை வேறு கை. சோப்புப் போட்டேன். நல்லெண்ணெய் போட்டேன். பொலித்தீன் பையைக் கையில் சுற்றி இழுத்தேன். கை சிவந்தது, வளையல் அசையவில்லை. நகைக்கடையில் வெட்டலாமா என்று விசாரிக்க, இல்ஃபோர்ட்டில் இருக்கும் மச்சாளுக்கு, இவரின் தமக்கைக்கு, போன் எடுத்தேன். அது என் புத்தி எனக்குச் செய்த துரோகம்.

“என்னத்துக்கு வெட்டப் போறீர்?” என்றார். வேலைக்கு என்றேன். “ஓம் ஓம், தம்பி சொன்னவன்” என்றார். பிறகு தெளிவாக, ஒவ்வொரு சொல்லாக வந்தது: “இண்டைக்கு வளையலைக் கழட்டச் சொல்லுவினம். நாளைக்குத் தாலியைக் கழட்டச் சொல்லுவினம். நாளையிண்டைக்குத் துவக்கைக் கையிலை தந்து சுடச் சொல்லுவினம். நீர் முதல்லை ஆரைச் சுடுவீர் எண்டு எங்களுக்குத் தெரியும்.”

மிஸ் பார்க்கர்

கிளப்பின் செயலாளர் மிஸ் பார்க்கர். தடித்த கம்பளிக் கோட்டு, குட்டையாக வெட்டிய நரைமுடி, எதையும் இரண்டு முறை கேட்காத பெண்மணி. அவர் வந்த நாளில் நான் வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளி, இவரின் காலுறை ஒன்றின் முனையை வெட்டி, அதைக் கைமேல் இறுக்கமாக ஏற்றியிருந்தேன். சாம்பல் நிறக் காலுறை. மிஸ் பார்க்கர் அதைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. நான் அளந்தேன். தராசு அசையாமல் ஒரே எண்ணைக் காட்டியது. மறுபடியும் அதே எண். ரெஜ் மூச்சே விடவில்லை.

அப்போது மிஸ் பார்க்கர் கண்ணாடி அலுமாரியைக் காட்டினார். பொத்தானை அழுத்தினால் தானே அளந்து தானே நிறுக்கும் மின்சார மெஷர். கடையிலேயே விலை கூடியது. “அதுதானே இதைவிடத் துல்லியம்? எங்களுக்கு அதில்தான் விருப்பம்.” ரெஜ் எனக்குத் தலையாட்டினார், ஆமென்று சொல்லு என்று. சொல்லியிருக்கலாம். ஓடரும் வேலையும் கைக்கு வந்திருக்கும்.

“உங்கள் அறை எப்படிப்பட்டது?” என்று கேட்டேன். தகரக் கொட்டில், கதவுக்குக் கீழே இடைவெளி, குளிருக்கு ஒரு காற்று ஹீட்டர் என்றார். பிறகு என் நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. அந்தக் காற்றில் இந்த மின்சார மெஷர் பேய் பிடித்த மாதிரி ஆடும் என்றேன். சாதாரண உருளை மெஷர் போதும், ஒரு மருந்துக்கு ஒன்று, மாறிப் போகாமல் வையுங்கள் என்றேன். நீளத் துண்டு மருந்து எந்த மெஷரிலும் சிக்கும், அதைக் கொஞ்சம் குறைத்துக் கொட்டி, மிச்சத்தைத் தராசில் சரிபாருங்கள், தராசைக் காற்றுப் படாத பெட்டிக்குள் வையுங்கள் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். “மருந்து அளக்கிற இடத்தில் உங்கள் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். முடியாதவர்கள் வெளியே போய்க் கதைக்கட்டும்.”

ரெஜ் கண்ணை மூடிவிட்டார். மிஸ் பார்க்கர் கையுறையை மாட்டிக்கொண்டு, ஒன்றும் வாங்காமல் கதவு வரை போனார். அங்கே நின்று, எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில், கன்னியாஸ்திரிகளிடம் என்றேன். “அப்படித்தான் நினைத்தேன்” என்றுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை

நான்கு நாள் ரெஜ் எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தார். ஒரு முதலாளி தன் கையால் தேத்தண்ணி போட்டுத் தருவது எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். இன்று மத்தியானம் தொலைபேசி அடித்தது. ரெஜ் கேட்டுக்கொண்டே இருந்தார், இடையிடையே என்னைப் பார்த்தார். பிறகு போனை வைத்துவிட்டுச் சொன்னார்: “மின்சார மெஷர் வேண்டாமாம். உருளை மெஷர்தானாம், முழு ஓடரும் எங்களுக்கு. ஒரே நிபந்தனை: கையில் காலுறை போட்ட அந்தப் பெண்மணி இந்த ஞாயிறு காலை வந்து ஆட்களுக்குப் பழக்க வேண்டுமாம். அவர் வராவிட்டால் வேறு கடையைப் பார்ப்பார்களாம்.”

கிளப் இருப்பது லண்டனுக்கு வெளியே சறேயில், வயலுக்கு நடுவே. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பஸ் கிடையாது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. மூன்று முறை சோதினைக்குப் போய், மூன்று முறையும் பரிசோதகரோடு வாதாடி வந்தவள் நான். ரெஜ் ஞாயிறு காலை மனைவியைப் பிடித்து நடக்கப் பழக்க வேண்டும். டாக்டருக்கு இந்த ஞாயிறு ஆஸ்பத்திரியில் டியூட்டி. மிச்சம் இருப்பது ஒரே ஒரு கார். அந்தக் காரின் சொந்தக்காரர் இப்போது எனக்கு எதிரே சோபாவில் இருக்கிறார். ஒரு காலில் காலுறை இருக்கிறது, மற்றதைத் தேடி அலுத்துவிட்டார். டிவியில் ஒரு மாமியார் மருமகளுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். இவர் சீரியல் பார்க்கிறவர் அல்ல.

விஷயம் முழுவதையும் சொல்லி முடித்துவிட்டேன். ஓடர், நிபந்தனை, வேலை, எல்லாம். டிவியின் சத்தம் ஒரு படி கூடியது. சாப்பிடும்போது திரும்பவும் கேட்டேன். தண்ணீர் குடித்தார்.

எந்த மெஷர் துல்லியம் என்று இனி யார் கேட்டாலும் நான் நின்ற நிலையில் சொல்லுவேன், கட்டின மனிசன் எந்த அளவுக்கு மேல் வாய் திறப்பார் என்பதற்குத்தான் இன்னும் ஒரு கருவியும் கடைக்கு வரவில்லை.

“இஞ்சாருங்கோ, ஞாயிறு காலமை என்னை அங்கை கொண்டுபோய் விடுங்கோவன்.”